சமூக சேவை வேலையில் ஊக்கம், அறிவு, பணி திருப்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டு நிறுவனம், குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், அங்கன்வாடி, உதவி எண் மையம் என்று மக்களோடு நேரடியாகப் பழகும் இடங்களில் வேலை செய்பவர்களும் அவற்றை நடத்துபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. நான் களப்பணியாளராகவும் பிறகு ஒருங்கிணைப்பாளராகவும் இருந்தவன், அதனால் பதில்களில் என் கருத்தும் கலந்தே இருக்கும். நிறுவனம் நடத்துபவர்களுக்குச் சில பதில்கள் கசக்கலாம், ஆனாலும் படியுங்கள்.

சேவை மனப்பான்மையோடு வருகிறவர்களுக்கு ஊக்கம் என்று தனியாக எதற்கு?

வரும்போது அவர்களிடம் அது இருக்கிறது, அதில் எனக்கும் சந்தேகமில்லை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) முடித்த ஒரு பெண், கம்பெனி ஹெச்.ஆர். வேலைக்குப் போகாமல் பாதிச் சம்பளத்துக்குக் கிராமத்தில் வீடு வீடாக நடக்க வருகிறாள் என்றால் அவளுக்கு யாரும் ஊக்க உரை நிகழ்த்த வேண்டியதில்லை. கேள்வி என்னவென்றால், அப்படி வந்தவள் இரண்டு வருடத்தில் ஏன் சோர்ந்துபோகிறாள் என்பதுதான். பெரும்பாலான நிறுவனங்கள் ஊக்கத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஊற்றப் பார்க்கின்றன, ஏற்கெனவே இருப்பதை எது தேய்க்கிறது என்று பார்ப்பதில்லை. சம்பளம் தாமதமானால், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால், பயணப்படி கேட்டால், உடனே "சேவை மனப்பான்மை வேண்டும்" என்கிறார்கள். அந்தச் சொல்லைச் சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுக்க ஆரம்பித்த இடத்தில்தான் நல்லவர்கள் முதலில் கிளம்புகிறார்கள்.

சம்பளத்தை உயர்த்த எங்களிடம் பணமில்லை. அப்படியென்றால் வேறு என்ன செய்தாலும் வீண்தானா?

வீண் இல்லை. ஆனால் வரிசை முக்கியம். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களின் இறுதியில் பிட்ஸ்பர்க் பகுதியில் பொறியாளர்களும் கணக்காளர்களுமாக 200 பேருக்கு மேல் பேட்டி எடுத்தார். வேலையில் எப்போது மிக மகிழ்ச்சியாக இருந்தீர்கள், எப்போது மிக வெறுத்துப்போனீர்கள் என்று கேட்டார். மகிழ்ச்சிக்குச் சொன்ன காரணங்கள் ஒரு பக்கம் இருந்தன: சாதித்தது, அங்கீகாரம், பொறுப்பு, வேலையின் தன்மை. வெறுப்புக்குச் சொன்னவை வேறு பக்கம்: நிறுவனத்தின் விதிமுறைகள், மேற்பார்வை, சம்பளம், வேலைச் சூழல். இவை சரியாக இருந்தால் மட்டும் யாரும் துள்ளிக் குதிப்பதில்லை, ஆனால் சரியில்லாவிட்டால் மற்ற எதுவும் எடுபடாது என்றார். அவர் முறையைப் பிற்காலத்தில் பலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள், ஆனாலும் நம் துறைக்கு அந்தப் பிரிப்பு நன்றாகவே பொருந்துகிறது என்பது என் எண்ணம். அர்த்தம் நம் வேலையில் நிறையவே இருக்கிறது. கூலியும் விதிமுறையும்தான் ஓட்டை.

தொகையை உயர்த்த முடியாவிட்டாலும் தேதியை உறுதிசெய்ய முடியும். ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி. பெட்ரோல் காசையும் பஸ் டிக்கெட்டையும் மாதக்கணக்கில் பில்லாகவே வைத்திருக்காதீர்கள், களப்பணியாளர் தன் சொந்தக் காசைப் போட்டு உங்கள் புராஜெக்டை ஓட்டுகிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். சம்பளச் சீட்டு கொடுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் பி.எஃப். கட்டுங்கள். ரசீதில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை, மீதி "நன்கொடை" என்று திருப்பி வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யும் நிறுவனம் ஊக்கத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

நிதி தருபவர்களே சம்பளத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே?

இது உண்மையான சிக்கல். வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளுக்கு, வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020 திருத்தம் நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது, ஒரு அமைப்பு வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்குப் பகிர்வதையும் தடுத்தது. சிறிய அமைப்புகள் பல பெரிய அமைப்புகள் வழியாகத்தான் பணம் பெற்றுக்கொண்டிருந்தன, அந்த வழி அடைபட்டதும் முதலில் வெட்டு விழுந்தது ஆட்களின் சம்பளத்தில்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாச் சம்பளமும் நிர்வாகச் செலவு ஆகிவிடாது. அந்தச் சட்டத்தின் 2011 விதிகளிலேயே அமைப்பின் நோக்கத்துக்காக நேரடியாகச் செய்யும் செலவு, உதாரணமாக மருத்துவமனையில் மருத்துவர் சம்பளம், பள்ளியில் ஆசிரியர் சம்பளம், நிர்வாகச் செலவில் சேராது என்று இருக்கிறது. சமூகப் பணியில் வீட்டுக்குப் போய்ப் பேசுகிற ஆள்தான் சேவையே, அவரைத் தவிர வேறு மருந்தோ கருவியோ நம்மிடம் கிடையாது. பட்ஜெட் எழுதும்போதே அவரை எந்தத் தலைப்பில் வைப்பது என்று ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசுங்கள். பல நிறுவனங்கள் பயந்துகொண்டு எல்லாரையும் நிர்வாகத்தில் போட்டுவிட்டு, அப்புறம் இடமில்லை என்று சம்பளத்தைக் குறைக்கின்றன.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஊக்கம் இல்லை, அதனால்தான் முன்பருவக் கல்வி நடப்பதில்லை என்கிறார்கள். சரியா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரிலேயே சோதித்துப் பார்த்த விடை இருக்கிறது.

அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. சத்துணவு, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு ஆள் திரட்டுவது, கர்ப்பிணிகளைச் சந்திப்பது, சின்னக் குழந்தைகளுக்குப் பாடம், இவை எல்லாவற்றுக்கும் பதிவேடு என்று எல்லாமே ஒரு பணியாளர், ஒரு உதவியாளர் தலையில்தான். மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆனது, உதவியாளருக்கு 1,500லிருந்து 2,250. மாநிலங்கள் இதற்கு மேல் தங்கள் பங்கைச் சேர்க்கின்றன, தமிழ்நாட்டில் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒன்று உண்டு. இருந்தாலும் இவர்கள் ஊழியர்களா தன்னார்வலர்களா என்ற வழக்கு நீண்டகாலமாக ஓடியது. 2022 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம், குஜராத்திலிருந்து வந்த வழக்கில், 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி இவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது.

சரி, சோதனைக்கு வருவோம். தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த சில மையங்களில் முன்பருவக் கல்விக்காக மட்டும் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டார்கள். அலெஹாந்த்ரோ கானிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடத்தில் குழந்தைகளின் கணக்குத் திறனும் மொழித் திறனும் தெளிவாக உயர்ந்தன, வளர்ச்சி குன்றுவதும் குறைந்தது. அதாவது பாடம் நடத்தும் சுமை இறங்கியதும் ஏற்கெனவே இருந்த பணியாளர் கிடைத்த நேரத்தை ஊட்டச்சத்துக்கும் மற்ற வேலைகளுக்கும் திருப்பினார். யாருக்கும் உரை நிகழ்த்தவில்லை, யாரையும் மிரட்டவில்லை, இன்னொரு கை கொடுத்தார்கள். ஊக்கம் இல்லை என்று ஒருவரைச் சொல்வதற்கு முன், அவர் கையில் இருக்கும் வேலை எத்தனை பேருடையது என்று எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி மேல் பயிற்சி கொடுக்கிறோம், வேலையில் மாற்றமே தெரியவில்லை. ஏன்?

பயிற்சி என்று நாம் நடத்துவது பெரும்பாலும் ஏ.சி. ஹாலில் இரண்டு நாள், ஒரு ஃபைல், ஒரு பேனா, கடைசியில் குழுப்புகைப்படம். அங்கே கேட்டதை மூன்று மாதம் கழித்து ஒரு இரவு எட்டு மணிக்கு, அழுதுகொண்டிருக்கும் ஒரு அம்மாவின் முன்னால் நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். வராது.

அறிவும் ஊக்கமும் தனித்தனி என்று நினைப்பதும் ஒரு காரணம். என் அனுபவத்தில் களப்பணியாளரை அதிகம் வாட்டுவது வேலையின் அளவைவிட "இப்போது நான் என்ன செய்யணும்" என்று தெரியாத பயம். ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை தனக்கு வீட்டில் நடக்கும் பாலியல் தொல்லையைப் பற்றிச் சொல்கிறாள், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் கெஞ்சுகிறாள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவுப்படி அதைச் சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டியது கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு, நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஒரு வருடம் வரை. இது தெரியாத பணியாளர் தனியாகச் சுமந்துகொண்டு தூக்கமில்லாமல் கிடப்பார். சட்டம் மட்டும் தெரிந்தவர் அவசரத்தில் பிள்ளையை இன்னும் பயமுறுத்திவிடுவார். சட்டமும் தெரிந்து, பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரிந்து, குழந்தைகள் நலக் குழுவில் யாரைப் பார்ப்பது, யாருக்குப் போன் செய்வது என்பதும் தெரிந்தவர் அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார், மறுநாள் வேலைக்கும் வருவார். அறிவு இப்படித்தான் திருப்தியாக மாறுகிறது.

அதனால் பயிற்சியைச் சின்னதாக்கிக் களத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். புதிதாகச் சேர்ந்தவரை முதல் மாதம் அனுபவமுள்ள ஒருவரோடு ஹோம் விசிட்டுக்கு அனுப்புங்கள். எந்தச் சூழலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பக்கத் தாள் ஒன்றைத் தமிழில் கொடுங்கள். நிதி தருபவருக்காக ஆங்கிலத்தில் எழுதிய கையேட்டை நகலெடுத்துக் கொடுப்பதால் பயனில்லை.

மாதாமாதம் ரிவ்யூ மீட்டிங் நடத்துகிறோமே, அது மேற்பார்வை ஆகாதா?

ஆகாது. ரிவ்யூ மீட்டிங்கில் எத்தனை வீடு, எத்தனை குழு, எத்தனை ஃபாலோ அப் என்று எண்ணிக்கை கேட்கப்படும். சமூகப் பணிப் படிப்பில் சூப்பர்விஷன் என்று சொல்வது வேறு: நிர்வாகம் அதில் ஒரு பகுதிதான், கற்றுக்கொடுப்பதும் தாங்கிப் பிடிப்பதும் மற்ற இரண்டு. மாதம் இரண்டு முறை, ஒரு மணி நேரம், ஒருவரோடு ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு, போனை அணைத்துவிட்டு உட்காருங்கள். "இந்த வாரம் உன்னை விட்டுப் போகாத கேஸ் எது?" என்று கேளுங்கள். அப்புறம் பேசாமல் கேளுங்கள். இதற்குத் தனி நிதி வேண்டாம், ஒருங்கிணைப்பாளருக்கு நேரம் மட்டும் வேண்டும், அந்த நேரத்தை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தாக வேண்டும்.

பர்ன்அவுட் என்று சொல்கிறார்களே, அது சாதாரணக் களைப்புதானே?

இல்லை. களைப்பு என்றால் இரண்டு நாள் லீவில் போய்விடும். கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: உணர்வு வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் விலகிப்போவது, நான் எதுவும் சாதிக்கவில்லை என்று தோன்றுவது. அது மனிதர்களுக்குச் சேவை செய்பவர்களை வைத்தே உருவாக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் தன் 11ஆவது நோய் வகைப்பாட்டில் இதை ஒரு நோயாக வைக்கவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்றும், சரியாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றும்தான் சொல்கிறது. அதாவது தேட வேண்டியது பணியிடத்தில்.

இரண்டாவது அறிகுறியைத்தான் நாம் தவறாகப் படிக்கிறோம். முன்பு ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொன்னவர் இப்போது "அந்தக் குடிகாரன் வீட்டுக் கேஸ்" என்கிறார், "இவங்களெல்லாம் திருந்த மாட்டாங்க" என்கிறார். உடனே அவருக்கு மெமோ கொடுக்கிறோம். அவரைக் கடிந்துகொள்வதற்குமுன் அவர் கையில் எத்தனை கேஸ் இருக்கிறது, கடைசியாக எப்போது முழு விடுப்பு எடுத்தார் என்று பாருங்கள். மரணம், தற்கொலை, சிறார் வன்கொடுமை போன்ற கேஸுக்குப் பிறகு ஒரு நாளாவது கட்டாய ஓய்வு கொடுங்கள், அதை அவர் கேட்டு வாங்கும்படி வைக்காதீர்கள். தூக்கம், பசி, வாழ்வில் பிடிப்பு எல்லாமே போய்விட்டது என்றால் அது பணியிடப் பேச்சோடு நிற்கக்கூடாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஜி.பி.எஸ். போட்டோ, ஆப் வருகைப்பதிவு வைத்தால் ஒழுங்காக வேலை செய்வார்களா?

வருகைக்கு உதவலாம், சில நிபந்தனைகளோடு. ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் சேவா மந்திர் அமைப்பு நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில், நாள் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர் ஒருவர் ஆசிரியரைப் படம் எடுக்க வேண்டும், வந்த நாட்களைப் பொறுத்துச் சம்பளம் என்று வைத்தார்கள். ஆசிரியர் வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தன, பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஏறியது. அதே பகுதியில் அரசு சுகாதார செவிலியர்களுக்கும் இதைப் போல நேரம் பதியும் முறை கொண்டுவந்தார்கள். முதல் சில மாதங்கள் வருகை நன்றாக ஏறியது. அப்புறம் மேலிடமே வருகை பதியத் தேவையில்லாத "விலக்கு நாட்கள்" அதிகமாக வழங்க ஆரம்பிக்க, பதினாறு மாதத்தில் வித்தியாசமே இல்லாமல் போனது.

முதல் இடத்தில் விதி எளிமையாக இருந்தது, எல்லாருக்கும் ஒன்றாக இருந்தது, சொன்னபடி பணம் வந்தது. இரண்டாவது இடத்தில் மேலே இருந்தவர்களுக்கே அதில் பற்றில்லை. கருவி இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொன்று, வந்தாரா என்று கேமரா சொல்லும், ஒரு அம்மாவிடம் அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினாரா என்று சொல்லாது. எண்ண முடிவதை மட்டும் அளந்தால் எண்ண முடிவது மட்டும்தான் நடக்கும். நோட்டில் எழுதி, ஆப்பில் ஏற்றி, மறுபடி வாட்ஸ்அப் குழுவில் போட்டோவும் போடச் சொல்வது கண்காணிப்பே இல்லை, வெறும் கூடுதல் வேலை.

சிறந்த பணியாளர் விருது, பாராட்டு விழா?

நடத்துங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பத்துப் பேரில் ஒருவருக்கு ஷீல்டு கொடுத்தால் ஒன்பது பேர் கைதட்டிவிட்டு யோசனையோடு வீட்டுக்குப் போவார்கள்.

பலன் தருவது வேறொன்று. ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நன்கொடை திரட்டும் தொலைபேசிப் பணியாளர்களை, அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரோடு சில நிமிடங்கள் பேசவைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் போனில் செலவிட்ட நேரமும் திரட்டிய தொகையும் இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தன. நம் துறையில் கேஸ் முடிந்ததும் கோப்பு மூடப்படும், பிள்ளை பத்தாம் வகுப்பு பாஸானதோ அந்தப் பெண் கடை வைத்ததோ உதவியவருக்குத் தெரியவே வராது. அந்தச் செய்தியைத் தேடிப் பிடித்து, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, பணியாளரிடம் கொண்டுவந்து சேருங்கள். கணக்கர், டிரைவர், சமையல் அக்கா எல்லாருக்கும் அது போகட்டும்.

பெண் களப்பணியாளர்களின் பாதுகாப்பும் பணி திருப்தியில் சேருமா?

அதுதான் அடிப்படை. பன்வாரி தேவி ராஜஸ்தான் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம அளவில் வேலை செய்தவர். 1992இல் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காகக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வேலையைச் செய்ததற்காகத்தான் அவருக்கு அது நடந்தது. அதிலிருந்து எழுந்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் விசாகா வழிகாட்டுதல்களைக் கொடுத்தது, 2013இல் அது சட்டமானது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம், அறக்கட்டளையும் சங்கமும் அதில் அடங்கும். குழுவில் தொண்டு நிறுவனத்தவரோ பாலியல் துன்புறுத்தல் பிரச்சினைகளை அறிந்தவரோ ஒருவர் வெளி உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆகவே மற்ற அலுவலகங்களின் குழுக்களில் நாம்தான் போய் உட்காருகிறோம். நம் சொந்த அலுவலகத்தில் குழு இல்லாமல் இருப்பது பெரிய வெட்கம். இரவுப் பயணத்துக்கு வண்டி, தனியாகப் போகக்கூடாத வீடுகளின் பட்டியல், கழிப்பறை உள்ள கள அலுவலகம், இவையெல்லாம் சலுகை என்று யாரும் எண்ண வேண்டாம்.

பணி திருப்தியை எப்படி அளப்பது?

பால் ஸ்பெக்டர் 1985இல் வெளியிட்ட கேள்வித்தாள் மனித சேவை நிறுவனங்களுக்காகவே உருவானது. ஒன்பது அம்சங்கள், 36 கேள்விகள்: சம்பளம், பதவி உயர்வு, மேற்பார்வை, சலுகைகள், பாராட்டு, நடைமுறைகள், சக ஊழியர்கள், வேலையின் தன்மை, தகவல் தொடர்பு. இதன் பயன் என்னவென்றால், "திருப்தியா இல்லையா" என்ற ஒற்றைக் கேள்வி மறைக்கும் விஷயத்தை அது பிரித்துக் காட்டும். வேலையின் தன்மையில் உச்ச மதிப்பெண் போடுகிறவரே நடைமுறைகளில் அடிமட்டம் போடலாம். மொத்தத்தில் சராசரி வந்தால் நிர்வாகம் நிம்மதியடைந்துவிடும், அதனால் மொத்தத்தைப் பார்க்காதீர்கள்.

பத்துப் பேர் உள்ள அலுவலகத்தில் பெயரில்லாமல் எழுதினாலும் கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும். வெளியாள் ஒருவரை வைத்துக் கேளுங்கள். முடிவை எல்லாருக்கும் சொல்லுங்கள். எதையும் மாற்றும் எண்ணமில்லை என்றால் கேட்காமலே இருங்கள், கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது இருந்த நம்பிக்கையையும் எடுத்துவிடும்.

நான் களப்பணியாளர். நிர்வாகம் இதையெல்லாம் படிக்கப் போவதில்லை. நான் என்ன செய்ய முடியும்?

நியமனக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள், புராஜெக்ட் முடியும் தேதி அதில் இருக்கட்டும். பி.எஃப். பிடித்தால் யு.ஏ.என். எனப்படும் உங்கள் பி.எஃப். எண்ணை வாங்கிக் கணக்கில் பணம் ஏறுகிறதா என்று நீங்களே பாருங்கள். பயணச் செலவைத் தினமும் எழுதிவையுங்கள். கேஸ் விவரங்களை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், ஆனால் நீங்கள் கற்றுக்கொண்டதைத் தனி நோட்டில், பெயர்கள் இல்லாமல், எழுதுங்கள், அடுத்த வேலைக்கான நேர்காணலில் அது சான்றிதழைவிட உதவும்.

பக்கத்து நிறுவனங்களில் உங்களைப் போல வேலை செய்கிற நாலைந்து பேரோடு மாதம் ஒரு முறை சந்தியுங்கள். நிர்வாகம் தராத மேற்பார்வையைப் பாதியளவாவது அந்தச் சந்திப்பு தரும், எந்தக் கேஸுக்கு எந்த அதிகாரி உதவுவார் என்பதும் அங்கேதான் தெரியவரும். குறைகளைத் தனியாகப் போய்ச் சொல்வதைவிட நாலு பேர் கையெழுத்தோடு, தேதி போட்டு, ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை என்று கொடுங்கள். சம்பளத் தேதியிலிருந்து ஆரம்பியுங்கள். அதில் நிர்வாகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே அங்கே தொடர்வதா, வேறு இடம் பார்ப்பதா என்று முடிவு செய்யலாம். வேறு இடம் போவதால் நீங்கள் சேவையை விட்டுவிட்டதாக ஆகாது, அப்படிச் சொல்லி யாராவது உங்களை நிறுத்தப் பார்த்தால் அதற்குச் செவிகொடுக்காதீர்கள்.